மேல ஒரு ஜெட்டு, கீழ ஒரு ஜெட்டு

மேட்டுப்பாளையத்தில், ஊட்டி போகிற சாலையை ஒட்டி என் ஒர்க்‌ஷாப். மலை ஏறுகிறவர்கள் வண்டியை ஒரு தடவை காட்டிவிட்டுப் போவார்கள். இறங்கி வருகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் இங்கே நிறுத்துவார்கள். இறங்கி வருகிறவர் சொல்லும் புகார் பல வருடங்களாக ஒன்றேதான். "கீழ நல்லா ஓடுச்சுங்க. குன்னூரு தாண்டினதும் இழுவையே இல்லீங்க. கார்ப்ரேட்டரக் கழட்டிப் பாத்துருங்க." நான் கழற்ற மாட்டேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு காரமடைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புவேன். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஏற ஏறக் காற்று மெலிகிறது. இங்கே இருக்கும் காற்றில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு அங்கே இல்லை. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலையும் குறைத்துக் கொடுக்கக் கார்புரேட்டருக்குத் தெரியாது. பித்தளை ஜெட்டில் போட்ட துளை கீழே எவ்வளவோ மேலேயும் அவ்வளவுதான். அதனால் மலைமேல் பெட்ரோல் மிஞ்சிப் போகிறது, பிளக் கறுக்கிறது, வண்டி சோம்பிப் போகிறது. இறங்கி வந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. இதில் பழுது என்று எதுவும் இல்லை. மலையடிவாரத்தில் கடை போட்டதால் நான் சீக்கிரமே தெரிந்துகொண்ட விஷயம் இது: கார்புரேட்டர்மேல் வருகிற புகாரில் பாதிக்கு மேல் கார்புரேட்டரில் இருக்காது.

1982இல், பதினான்கு வயதில், பவானி ஆற்றுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். புல்லட், ராஜ்தூத், மைசூரில் செய்த எஸ்டி, லாம்ப்ரட்டா, டிவிஎஸ் 50 எல்லாம் வரும். ஆறு மாதம் எனக்குப் பிளக் கழற்றுகிற வேலையும் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிற வேலையும்தான். கார்புரேட்டரைத் தொட விட மாட்டார். வண்டி வந்ததும் பிளக்கைக் கழற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் பார்ப்பதற்கு முன்னால் முகர்வார். "முதல்ல மூக்க வை தம்பி, அப்புறம் ஸ்பேனர வை" என்பார்.

பீங்கான் பகுதி சுட்ட செங்கல் நிறத்தில் இருந்தால் கலவை சரி, கார்புரேட்டர் பக்கமே போகாதே. கரிப்பொடி மாதிரி காய்ந்த கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வரும் வழி அடைத்திருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. பெட்ரோலில் நனைந்து வந்தால் கரண்ட்டைப் பார். பிளக்குக்கு அடுத்து, டேங்கிலிருந்து வரும் டியூபைப் பிடுங்கிப் பெட்ரோல் தடையில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஏர் ஃபில்டர். டூ ஸ்ட்ரோக் என்றால் சைலன்சர் கரி பிடித்து அடைத்திருக்கிறதா என்பது. இவ்வளவும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர். பத்து வண்டியில் ஆறு ஏழு வண்டிகள் அதற்குள்ளேயே சரியாகிப் போய்விடும். எனக்கு அப்போது அவர் சோம்பேறித்தனம் செய்கிறார் என்று தோன்றியது. பிரித்து மாட்டினால் அதிகக் கூலி வாங்கலாமே என்று நினைத்தேன்.

முதன்முதலில் என்னிடம் கொடுத்தது ஒரு ராஜ்தூத்தின் கார்புரேட்டர். கழுவி, ஊதி, மாட்டிவிட்டேன். ஆக்சிலேட்டரை முறுக்கினால் உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடில் ஒரு பக்கம் கீழ்விளிம்பு சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். நான் திருப்பிப் போட்டு அழுத்தியிருக்கிறேன். உதைத்ததும் வண்டி அலறியது. ஆக்சிலேட்டரை விட்டும் இறங்கவில்லை. சாவியைத் திருப்பக்கூடத் தோன்றாமல் நான் நின்றேன். பாய் ஓடி வந்து கியரைப் போட்டார், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. திட்டவில்லை. ஸ்லைடைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "இதோட முகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த ஸ்லைடை எடுத்தாலும் விரல் முதலில் அந்த வெட்டைத் தேடும்.

அவரிடம் கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ளோட் வேலை. பழைய வண்டிகளில் ஃப்ளோட் பித்தளைத் தகட்டில் செய்தது. பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால் ஊசியில் தூசி இருக்கலாம். ஃப்ளோட் மிதக்கும் கப்பின்மேல் ஸ்குரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டுவார். உள்ளே சளக் என்றால் ஓட்டை. சுடுதண்ணீரில் அமுக்கினால் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து குமிழ் வரும். அந்த இடத்தில் ஈயம் வைப்பது பெரிய காரியமில்லை. எவ்வளவு ஈயம் வைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்துவிடும், கொஞ்சம் அமிழ்ந்து மிதக்கும், கப்பில் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். ஓட்டை அடைபட்ட பிறகும் வண்டி ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் மிஞ்சியே, ஓடும். பாய் மிளகளவு ஈயத்தில் பாதியைச் சுரண்டி எடுத்துவிடுவார். பிறகு ஃப்ளோட்டின் சின்ன நாக்கை நகத்தால் வளைத்து மட்டத்தைச் சரி செய்வார்.

ஜெட்டில் கம்பி விடுவதை மட்டும் அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். அந்த நாளில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிரித்து வைத்திருப்பார்கள். ஸ்லோ ஜெட் அடைத்தால் அதை விட்டுக் குத்துவார்கள். கேபிள் எஃகு, ஜெட் பித்தளை. ஸ்லோ ஜெட்டில் 35 என்று எண் இருந்தால், கெய்ஹின் கார்புரேட்டரில் அதன் துளை 0.35 மில்லிமீட்டர். நாலைந்து தலைமுடியைச் சேர்த்து வைத்த தடிமன். எஃகுக் கம்பியால் குடைந்து அது 0.40 ஆகிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் கூடிவிடுகிறது. பெட்ரோலும் அந்தக் கணக்கில்தான் போகும். அப்புறம் அந்த வண்டி ஆயுசுக்கும் ஸ்லோவில் புகைந்துகொண்டேதான் இருக்கும். எந்த ஸ்குரூவைத் திருகியும் சரி செய்ய முடியாது. நாங்கள் வாயால் ஊதுவோம். போகாவிட்டால் இரவு முழுக்கப் பெட்ரோலில் ஊறப் போடுவோம். அதற்கும் மசியாவிட்டால் கரண்ட் வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழை. அது வளைந்துகொடுக்கும், பித்தளையைத் தின்னாது.

ஜெட்டில் உள்ள எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கெய்ஹினில் அந்த எண் துளையின் விட்டம். 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். மிக்குனியின் ஆறுபட்டை மெயின் ஜெட்டில் அது பெட்ரோல் பாயும் அளவு. இரண்டும் வேறு வேறு கணக்கு. எண் ஒன்றுதானே என்று ஒன்றை எடுத்து இன்னொன்றில் மாட்டிவிட்டு, "எல்லாம் புதுசுங்க, ஆனா வண்டி ஓட மாட்டேங்குது" என்று வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

வாயால் ஊதினோம் என்றேன். உறிஞ்சவும் செய்தோம். டேங்கிலிருந்து டியூபை வைத்துப் பெட்ரோலை வாயால் இழுப்போம். வாய்க்குள் வந்துவிடும். துப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். அது ஈயம் கலந்த பெட்ரோல். நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது 2000ஆம் வருடம்தான். பதினெட்டு வருடம் அதைத்தான் வாயில் வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கிற பையன் எவனாவது டியூபை வாயில் வைப்பதைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபம் சொல்லி முடியாது.

1993இல் தனியாகக் கடை போட்டேன். ஊரெங்கும் நூறு சிசி வண்டிகள் வந்துவிட்ட காலம். அடுத்த வருடம், ஊட்டியில் காய்கறி வியாபாரம் செய்கிற ஒருவர் யமஹா ஆர்எக்ஸ் 100இல் வந்தார். கேரட், உருளைக்கிழங்கு கணக்கு முடிக்க வாரம் ஒரு தடவை இங்குள்ள மண்டிக்கு இறங்குவார். "தம்பி, ஊட்டியில வண்டி மொடமொடங்குது. பிளக்கு வாரம் ஒண்ணு போகுது" என்றார். அவர் வண்டி வாழ்வது ஊட்டியில். அதனால் மெயின் ஜெட்டை இரண்டு எண் குறைத்துப் போட்டேன். ஸ்லைடில் தொங்கும் நீடிலையும் ஒரு பள்ளம் இறக்கினேன். அடுத்த வாரம் ஒரு பை நிறைய கேரட்டோடு வந்தார். புது வண்டி மாதிரி பறக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மண்டியில் வேலையை முடித்துவிட்டு அவசரமாகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார். சமவெளிச் சாலை, காலை நேரம், வண்டி இல்லை, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கியிருக்கிறார். பெரியநாயக்கன்பாளையத்துக்கு முன்னால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினார். டெம்போவில் ஏற்றி என் கடைக்கே கொண்டுவந்தார். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினேன். பிஸ்டனில், சைலன்சர் பக்கம், மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டினாற்போல் கோடுகள். சிலிண்டர் சுவரில் அலுமினியம் உருகி அப்பியிருந்தது. பெட்ரோல் போதாமல் சூடேறிச் சீஸ் ஆன பிஸ்டன் அப்படித்தான் இருக்கும்.

மலைக்கு ஏற்ற ஜெட் சமவெளியில் பட்டினி போடும் ஜெட். மேலே மெலிந்த காற்றுக்கு அளவாக இருந்த பெட்ரோல், கீழே அடர்ந்த காற்றுக்குப் போதவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிவதோடு பிஸ்டனைக் குளிர வைக்கவும் செய்கிறது. குறைந்தால் உடனே காட்டிவிடும். ஜெட்டை மாற்றியதில் தப்பில்லை. மாற்றினேன் என்பதையும், கீழே இப்படி ஓட்டக் கூடாது என்பதையும் அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் செலவில் போர் போட்டு, புதுப் பிஸ்டன் வைத்துக் கொடுத்தேன். அவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

அவர் என்னை விட்டுப் போகவில்லை. நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஃபிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பாவில் இரண்டு மெயின் ஜெட்டுகள். மேலுக்கு உள்ளதில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. இறங்கி வந்து கோவைப் பக்கம் போவதென்றால் கடையில் நிறுத்தி, "தம்பி, கீழ ஜெட்டப் போடு" என்பார். திரும்பும்போது மேல் ஜெட். பத்து நிமிட வேலை. பிறகு அவரே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் ஜெட்டோ நீடிலோ எதை மாற்றினாலும், பழையது என்ன எண், புதியது என்ன எண் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவது என் வழக்கம். அடுத்து திறக்கிற மெக்கானிக் யாராக இருந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும்.

வண்டிக்காரரிடம் கேள்வி கேட்கவும் பழகிக்கொண்டேன். காரமடைப் பக்கத்திலிருந்து கறிவேப்பிலைக் கட்டு ஏற்றி வருகிறவர் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லைத் தள்ளிக்கொண்டு வந்தார். மழைக்காலம். மூன்று இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டார்கள், ஒரு இடத்தில் புதிதே வாங்கி மாட்டிவிட்டார்கள். இன்னும் வழியில் நிற்கிறது. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது என்று அவர் கண்கலங்கினார். நான் ஸ்பேனரை எடுக்காமல் கேட்டேன்.

"நிக்கறப்ப பொசுக்குனு நிக்குதுங்களா, இருமி இருமி நிக்குதுங்களா?"

"இருமித்தானுங்க நிக்குது."

"மறுபடி எவ்வளவு நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆகுது?"

"ஒரு பீடி குடிக்கிற நேரங்க. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுதுங்க."

பொசுக்கென்று நின்றால் கரண்ட். இருமி நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கொஞ்ச நேரம் விட்டால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் மெதுவாக இறங்கிக் கப்பை நிரப்புகிறது. அப்படியானால் டேங்குக்குள் காற்று போகவில்லை. டேங்க் மூடியைத் திருகினேன். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன் பையை மடித்து வைத்துத் திருகியிருந்தார். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க. மூடியில் காற்று போகும் சின்னத் துளை அதில் அடைபட்டுப் போயிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி மிச்சப் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பையை எடுத்துப் போட்டேன். மூடிக்குப் புது வாஷர் மாட்டி, மழைக்கு அதுவே போதும் என்றேன். அவர் கறிவேப்பிலைக் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி உருவிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முன் அவர் கொடுத்த கூலியெல்லாம் யாரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் போனது.

அந்த வருடங்களில் பெட்ரோலையே சந்தேகப்பட வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய்க் கலப்படம் அப்போது அதிகம். வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டுக் காய வைப்பேன். நல்ல பெட்ரோல் தடமில்லாமல் ஆவியாகிவிடும், மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். கப்பைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் தண்ணீர் இருந்தாலும் தெரியும். பாதரசம் மாதிரி ஒரு மணி அடியில் உருண்டுகொண்டிருக்கும். அந்த ஒரு மணி மெயின் ஜெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் வண்டி நிற்கும், ஆட்டிவிட்டால் ஓடும், மறுபடி நிற்கும். பேய் பிடித்த வண்டி என்று ஒருவர் எலுமிச்சம்பழமெல்லாம் கட்டியிருந்தார்.

ஸ்லோவில் விட்டால் ரேஸ் இறங்காமல் தானாக ஏறி ஏறி நிற்கிற வண்டிகளுக்குப் பெரும்பாலும் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர்தான் காரணம். கையால் மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். எஞ்சின் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிக் கிரீஸைத் தடவுவேன். வெடிப்பு அடைபட்ட கணத்தில் ரேஸ் இறங்கிவிடும். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின்மேல் அதைச் செய்யாதீர்கள்.

பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் காலம். ஸ்ப்ளெண்டர் 1994இல் வந்தது. அதற்கப்புறம் வருகிற எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான், மைலேஜ். "ஏர் ஸ்குரூவ இன்னும் கொஞ்சம் திருகி விடுங்க" என்பார்கள். இந்த ஸ்குரூ விஷயத்தில் மெக்கானிக்குகளே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிற ஸ்குரூ. உள்ளே திருகினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையை அளக்கிறது; உள்ளே திருகினால் லீன், அதாவது பெட்ரோல் குறையும். ஒரே கைவேலை, நேரெதிர் பலன். எதுவானாலும் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே தொட வேண்டும். உள்ளே கடைசிவரை மெல்லத் திருகி, முட்டியதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து காதை வைத்துக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தேட வேண்டும். எஞ்சின் எந்த இடத்தில் அதிகமாகப் பாடுகிறதோ அது இடம். இறுக்கித் திருகினால் ஊசிமுனை உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படி உடைந்த முனையை எடுக்க ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

2000க்குப் பிறகு பல்சர் மாதிரி வண்டிகளில் ரப்பர்ச் சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்தது. நாம் முறுக்குவது ஸ்லைடை நேராகத் தூக்காது. எஞ்சின் உறிஞ்சுகிற வேகத்தில் சவ்வு எழும்பி ஸ்லைடைத் தூக்கும். பழகாத கைகள் அதை மூடும்போது சவ்வின் விளிம்பை நசுக்கிவிடும். முறுக்கினாலும் பிக்கப் இல்லை என்று வந்தால் நான் சவ்வை எடுத்து எரிகிற பல்புக்கு நேரே விரித்துப் பிடிப்பேன். ஊசி ஓட்டை இருந்தால் கறுப்பு ரப்பரில் ஒற்றை நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். சில பையன்கள் மூடியைத் திறந்ததும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைப் பீய்ச்சிவிடுவார்கள். ரப்பர் ஊதிப்போய்ப் பள்ளத்தில் உட்காராது. கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டதை ஒரு நாள் வெறுமனே காற்றில் வைத்திருந்து, சுருங்கியதும் திரும்ப மாட்டிக் கொடுத்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. மலைக்குப் போகும் சாலையில் ஆளே இல்லை. ஜூனில் கடையைத் திறந்தபோது வாசலில் வரிசை. எல்லா வண்டிக்கும் ஒரே நோய்: சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் அசையாமல் நின்றதில் கப்பில் இருந்த பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் வார்னிஷ் மாதிரிக் காய்ந்து ஸ்லோ ஜெட்டை அடைத்திருந்தது. கப்பைத் திறந்தால் புளித்த வாடை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து கார்புரேட்டர் கழுவினேன். பெட்ரோல் டேப்பை மூடி, கப்பின் அடியிலுள்ள ஸ்குரூவைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்தியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. நீண்ட நாள் வண்டியை நிறுத்தப் போகிற யாருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அதே வருடம் ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதி. புது ஸ்ப்ளெண்டர், புது புல்லட், எக்ஸ்எல் வரைக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஒரு பக்கம் கார்புரேட்டர்கள் வாசலில் குவிந்திருக்க, இன்னொரு பக்கம் ஷோரூமில் கார்புரேட்டரே இல்லாத வண்டிகள். ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கேனர் வாங்கிக் கற்றுக்கொண்டேன். புது வண்டி மலை ஏறினால் அழுத்தத்தை அளக்கிற ஒரு சின்ன சென்சார் காற்று மெலிந்ததைக் கண்டுபிடித்துவிடுகிறது. பெட்ரோல் தானாகக் குறைகிறது. ஊட்டியிலிருந்து இறங்கி வந்து புகார் சொல்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நல்ல வேலை அது. ஆனால் ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை மட்டும் பார்த்து சாமான் மாற்றுகிற பையன்களிடம் இன்றைக்கும் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருப்பதை எந்த ஸ்கேனரும் சொல்லாது. போன மாதம்தான் ஒரு வண்டியில் எடுத்தேன்.

பழைய வண்டிகளுக்கு இப்போது வந்திருக்கும் சோதனை பெட்ரோலில் கலந்த எத்தனால். 10 சதவீதமாக இருந்தது 2025இல் 20 ஆகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே ஜெட்டில் கலவை லீனாகிறது. காலையில் சோக்கை நெடுநேரம் பிடிக்க வேண்டியிருக்கிறது, சூடானால் ஸ்லோ நிற்பதில்லை. அது தண்ணீரையும் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். நின்ற வண்டியின் கப்பைத் திறந்தால் சுவரில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பழைய ஓ ரிங்கும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனையும் ஊதிப்போய் மாட்டிக்கொள்கின்றன. இருபது வருடப் பழைய வண்டி வந்தால் நான் இப்போது ரப்பர்ச் சாமான் அத்தனையையும் கேட்காமலே மாற்றிவிடுகிறேன். ஸ்லோ ஜெட் ஒரு எண் பெரிதாகப் போடுகிறேன்.

அந்த ஆர்எக்ஸ் 100 இன்னும் ஓடுகிறது. வியாபாரம் இப்போது மகன் கையில், வண்டியும் அவன் கையில். கறுப்பு டப்பா பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சிவப்புப் பொட்டு பாதி உதிர்ந்துவிட்டது. போன வாரம் மேல் ஜெட்டோடு ஊட்டி போனவனிடம் ஒரு வேலை சொல்லியிருந்தேன். தலைக்குந்தா சாலையில் கொஞ்ச தூரம் முழு முறுக்கில் போய், ஓடுகிற வேகத்திலேயே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்துவிட வேண்டும். ஸ்லோவில் விடாமல் ஓரம் கட்டி, அங்கேயே பிளக்கைக் கழற்றி ஃபோட்டோ அனுப்ப வேண்டும். அனுப்பினான். முப்பது வருடமாக அந்த ஜெட்டில் சுட்ட செங்கலாக இருந்த நிறம் வெளுத்து மணல் நிறமாகியிருக்கிறது. ஃபோனில் கூப்பிட்டு, கீழே வரும்வரை முழுக்க முறுக்காதே என்று சொன்னேன். மேல் ஜெட் ஒரு எண் கூட்டிக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். கீழ் ஜெட்டையும் ஒரு எண் கூட்டினால் போதுமா, நீடில் கிளிப்பையும் ஒரு பள்ளம் இறக்கிப் போட வேண்டுமா என்பதை ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும் காரமடைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.